அடைப்புக்குறிக்குள் ஒருத்தி

லைப்சிக், லிண்டனாவ். பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடி.
ஹீட்டர் பாதி மனதோடு எரியும் அறையில்
காது கேளாதோருக்கு வசனவரி எழுதுகிறேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, ஜெர்மனில்.
இரண்டு வரிக்கு மேல் யாருக்கும் துயரம் கிடையாது.

இந்த வாரம் கார்பாத்திய மலைப் படம்,
எழுபத்தொன்றில் எடுத்தது, கறுப்பு வெள்ளை.
பனி. பிர்ச் மரங்கள். மாடுகளுக்குப் பால் வற்றுகிறது.
அப்புறம் என்ன, ஒருத்தியைத் தேடுகிறார்கள்.
புருஷன் இல்லை, ஆற்றோரம் வீடு,
கேட்டால்தான் பேசுவாள், அதுவும் வெடுக்கென்று.
போதாதா?
கேமராவுக்கு அவள் முதலில் கழுத்து,
பிறகு நனைந்த சட்டை,
பிறகு அவிழ்ந்த கூந்தல்.
எங்கள் ஊர்ப் படங்களிலும் பின்னல் பிரிந்தால்
எங்கிருந்தோ உடுக்கை கேட்கும்.
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை தட்டியவை:
(காற்று)
(நாய் குரைக்கிறது)
(பெண் அலறுகிறாள்)
(பெண் மீண்டும் அலறுகிறாள்)
'கூர்மையாக' என்று சேர்க்கச் சொன்னார் ஹென்னிங்,
எங்கள் மேலாளர், நல்ல மனிதர், சைவம்.

ஐம்பத்தெட்டாம் நிமிடம்.
இடுப்பளவு ஆற்றில் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள்.
கரையில் தீப்பந்தம், பாதிரி, ஊர்.
அவள் உதடு அசைகிறது.
தாழ்ந்த குரல், ஒரே சுதி, நிற்காமல்.
மூலப் பிரதியில் அந்த இடம் காலி.
முன்பு வந்த எல்லாப் பிரதிகளிலும்
(மந்திரம் முணுமுணுக்கிறாள்).

யுஸ்தீனா கீழ்மாடியில் படச்சுருள் துடைப்பவள்.
சிகரெட்டுக்குப் போகிற வழியில்
என் கதவருகே நின்றுவிட்டாள்.
திரும்பப் போடு என்றாள்.
போட்டேன்.
இன்னொரு தரம்.
சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது.
அது ருசின் பேச்சு, எங்கள் பள்ளத்தாக்குக்கு
அடுத்த பள்ளத்தாக்கு.
இவள் நடிகை இல்லை. கூலிக்கு நின்ற ஊர்க்காரி.

என்ன சொல்கிறாள்?

"கால் மரத்துப் போச்சு.
மூணு தடவைன்னீங்க, இது ஏழாவது.
பஸ் நாலரைக்கு. பன்றிக்கு யார் தீனி வைப்பா.
கால் மரத்துப் போச்சு, ஐயா. கால்."

ஹீட்டர் டக்கென்று ஒரு சத்தம் போட்டது.
யுஸ்தீனா பற்றவைக்காத சிகரெட்டைக்
காதில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஹென்னிங் தலையைச் சொறிந்தார்.
இயக்குநரின் நோக்கம் என்று ஒன்று இருக்கிறது,
மர்மம் கெட்டுவிடும்.
ஐம்பது வருஷமாக அவளுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறார்கள்.
சரி என்றேன்.
சரி என்று சொல்லிவிட்டு எழுத்து எண்ணினேன்.
பன்றியை வெட்ட வேண்டியிருந்தது, இடமில்லை.
பஸ் நின்றது. கால் இரண்டு முறையும் நின்றது.
இரவு பதினொன்றரைக்குக் கோப்பை அனுப்பினேன்,
தப்பு செய்தவள் மாதிரி விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி, முப்பத்தொரு பேர்.
பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
முதல் வரிக்கு ஒருவன் சிரித்தான்.
ஏழாவது என்ற இடத்தில் யாருமே சிரிக்கவில்லை.
கேமரா வழக்கம்போல் கழுத்தைச் சுற்றி வந்தது,
ஈரத்தைச் சுற்றி வந்தது,
நாங்களோ சட்டத்துக்குள் வராத
தண்ணீருக்கடியில் இருந்த
இரண்டு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதற்குப் பிறகு அவளை எரித்தார்கள், கதைப்படி.

வெளியே டிராம் நிறுத்தத்தில் தூறல்.
காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய பெண்,
பதினெட்டு இருக்கும், எப்படித் தெரிந்ததோ,
கைபேசியில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்:
அவளுக்கு பஸ் கிடைச்சுதா?

தெரியாது என்று தட்டினேன்.
அழித்தேன்.
பன்றி இருந்ததையும் சேர்த்து எழுதினேன்.